உப்புநீர் விளக்கு

(கிளிநொச்சியில் பெண்கள் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வன்னிப் பெண்களும் பண்பாட்டுப் பேணலும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதற்குள் போகுமுன் இங்கே இருக்கும் தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கூறைச் சேலை எங்கே?

கை உயர்த்த வேண்டாம். பதிலை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

கூறை என்பது கலியாணத்தன்று உடுத்துப் பிறகு வாழ்நாள் முழுவதும் பெட்டியில் வைத்துக் காப்பது. நல்ல நாள் பெருநாளில் ஒன்றிரண்டு தடவை வெளியே வரும். கண்மூடிய பிறகு அதையே மேலே போர்த்தி வழியனுப்பும் வழக்கமும் நமக்குண்டு. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் அந்தக் கூறைகள் மண்மூடைகளாயின. விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே கிழக்கே ஒதுங்கிய சனம் போன இடமெல்லாம் பங்கர் வெட்டியது. கரையோரத்தில் வெறும் மணல். வெட்ட வெட்டச் சரியும். உரப்பைகள் முடிந்துபோயின. பெண்கள் பெட்டியைத் திறந்தார்கள். நூல்சேலை முதலில் போனது, அடுத்துப் பட்டு, கடைசியில் கூறை. வெட்டி, மூட்டி, மணல் நிரப்பிப் பங்கர் வாயில் அடுக்கினார்கள். அந்த மணற்கரையில் சிவப்பும் பச்சையுமாகச் சரிகைக் கரையோடு மூடைகள் கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

பண்பாட்டின் அழிவுக்கு உதாரணமாக அந்தச் சேலைகளைப் பலர் சொல்லியும் எழுதியும் வருகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் ஒரு தீர்மானம் எடுத்தாள். எதற்காகக் கூறையைப் பத்து வருடம், இருபது வருடம் பெட்டியில் வைத்திருந்தாளோ, அந்தக் குடும்பத்துக்காகவே அதை வெட்டினாள். யாரையும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. எதைக் காப்பது, எதை விடுவது என்ற தீர்ப்பு அவள் கையில் இருந்தது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: வன்னியின் மரபு அத்தனை இடப்பெயர்வுக்கும் பிறகு மிஞ்சியதென்றால், அது பெண்கள் எடுத்த இத்தகைய தீர்மானங்களால் மிஞ்சியது. அந்தத் தீர்மான உரிமையை ஊர் திரும்பிய பிறகு அவர்களிடமிருந்து நாம் மெல்லப் பறித்துக்கொண்டோம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வற்றாப்பளை அம்மன் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்தக் கோணத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறாள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கும் பெடியள் ஒரு கிழவியைக் காண்கிறார்கள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் புக்கை பொங்குகிறார்கள். பொழுது சாய்கிறது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை எடுத்து ஊற்றி எரியுங்கள் என்கிறாள். எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலையெல்லாம் கண்கள்.

கோயிலில் பொங்கல் நடக்கும் வைகாசியில் இன்றைக்கும் அந்தக் கதை நடந்துகொண்டிருக்கிறது. பாக்குத்தெண்டலில் தொடங்கி, கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, அங்கே பொங்கி, பிறகு மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வருகிறது. பொங்கல் பானையான வளந்து அடுப்பில் ஏறுகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று மாவட்டம் மாவட்டமாகச் சனம் வந்து குவிகிறது. தூக்குக்காவடி, பாற்செம்பு, தீச்சட்டி என்று நேர்த்தி தீர்க்கிறார்கள்.

கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வந்தவள் யார்? புருசனை அரசு கொன்றுவிட்டது. நீதி கேட்டாள். ஊர் எரிந்தது. வீடில்லை, உறவில்லை, கையில் ஒரு பிடி அரிசி இல்லை. நம் அம்மன் ஒரு கைம்பெண், இடம்பெயர்ந்து வந்தவள். எண்ணெய் இல்லை என்று விளக்கை அணைத்துவிட்டு உட்காரவில்லை. எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பது அதுவரை இருந்த முறை. இருந்ததை ஊற்று என்றாள். அவள் செய்த மாற்றமே நமக்குச் சடங்காக வந்து சேர்ந்திருக்கிறது. 2009 வைகாசியில் அந்தக் கோயிலின் அடியார்களில் பெரும்பாலானோர் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். நந்திக்கடலைச் சுற்றி நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மன் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் அதே கரையால்தான் நீங்களும் நடந்தீர்கள்.

முகாமுக்கு வருகிறேன்.

செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் இருந்தது. முகாமின் வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பெயர்கள் வைத்திருந்தார்கள்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். ஆனந்த குமாரசுவாமி யார் என்று இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1877இல் கொழும்பில் பிறந்தவர். இந்த நாட்டுக் கைவினைகள் குறுகிய காலத்தில் அழிந்துபோகும் என்று பதறி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெரிய நூலொன்று வெளியிட்டார். அந்த நூலுக்குப் படம் எடுத்துக் கொடுத்து, ஊர் ஊராகப் போய் நெசவையும் தையலையும் பதிவு செய்ததில் அவருடைய மனைவி எதெலுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் இங்கிலாந்து திரும்பிப் பெயர்பெற்ற நெசவாளராக வாழ்ந்தவர் அவர். அந்த ஆனந்த குமாரசுவாமியின் பெயரிட்ட வலயத்தில், தறப்பாளுக்குக் கீழே, நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்க அன்று எந்த ஆனந்த குமாரசுவாமியும் எதெலும் வரவில்லை.

செய்தது நிறைய. நிவாரணத்தில் கோதுமை மா வந்தது, அரிசி வந்தது, பருப்பு வந்தது. கோதுமை மாவை அவித்து அரித்துப் புட்டாக்குவது நம் வீடுகளில் முன்பே உள்ள பழக்கம். முகாமில் நீத்துப்பெட்டி ஏது? துணியில் கட்டி அவித்தார்கள். விறகு ஒரு போராட்டம், தண்ணீர் ஒரு போராட்டம். அதற்குள்ளும் ஆடிப்பிறப்பு வந்தது. கூழுக்குப் பனங்கட்டி இல்லை; நிவாரணச் சீனி போட்டார்கள். தீபாவளியும் கார்த்திகை விளக்கீடும் வந்தன. சரசுவதி பூசையில் குழந்தைகளுக்கு ஏடு தொடக்க வேண்டியிருந்தது. அரிசி தட்டில் கொட்டி எழுத வைக்கும் அளவுக்குக் கையில் அரிசி இல்லாதவர்கள் மண்ணிலே எழுத வைத்தார்கள். பிள்ளைகள் வயதுக்கு வந்தார்கள். நாலு பக்கமும் சேலையும் பெட்சீற்றும் கட்டி மறைத்து, வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து, சுற்றியிருந்த கூடாரங்களின் பெண்கள் சேர்ந்து தண்ணி வார்த்தார்கள். அந்தப் பெண்கள் உறவுமில்லை, ஒரே ஊருமில்லை. யார் என்ன சாதி என்று விசாரிக்க அங்கே யாருக்கும் தெம்பில்லை.

அந்த ஒரு வாளித் தண்ணீரை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய சாமத்திய வீட்டைப் பாருங்கள். மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, மூன்று நான்கு உடுப்பு மாற்றம். வெளிநாட்டுக் காசு வரும் வீட்டில் அது நடக்கிறது. வராத வீட்டிலும் நடக்க வேண்டியிருக்கிறது. கணவன் இல்லாத, ஒரு தையல் இயந்திரத்தையும் நாலு கோழியையும் வைத்துக் குடும்பம் நடத்தும் பெண் அந்தச் செலவுக்குக் கடனெடுக்கிறாள். நுண்கடன் இந்த மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரம் தவறாமல் படலையடியில் வந்து நின்றவர்களை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. அந்தக் கடனுக்கெல்லாம் சடங்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீடு, விதைநெல், மருந்து, பள்ளிக்கூடம் என்று காரணம் பல. ஆனால் சடங்கும் அதில் ஒரு பாரம். சபை என்ன சொல்லும் என்ற பயத்தில் ஏறிய பாரம்.

மெனிக் பாமில் ஒரு வாளித் தண்ணீரில் நடந்தது சடங்கில்லையா? அந்தப் பிள்ளைக்கு ஏதும் குறைந்துவிட்டதா? அதுவும் முழுச் சடங்கே என்று தீர்மானித்தது அன்றைய பெண்கள். இன்று அந்தத் தீர்மானம் படம் பிடிக்கிறவர் கையிலும் பக்கத்து வீட்டார் வாயிலும் இருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது இந்தச் சபையில் சிலருக்கு உவப்பாக இராது. ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்தளனிலோ வலைஞர்மடத்திலோ புருசனைப் பறிகொடுத்தவள். ஒரு கையில் மகளையும் மறுகையில் பானையையும் பிடித்துக்கொண்டு நந்திக்கடல் சேற்றைக் கடந்தவள். முகாமில் அந்த மகளுக்குத் தண்ணி வார்த்தவள், தறப்பாள் கொட்டிலில் விளக்கு வைத்துப் படிப்பித்தவள். அந்த மகளுக்குக் கலியாணம். தாரை வார்க்க இன்னொரு தம்பதியைக் கூட்டி வருகிறார்கள். பாலறுகு வைக்க, ஆராத்தி எடுக்க, தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கச் சுமங்கலிகள் வரிசையில் வருகிறார்கள். அந்தத் தாய் மண்டபத்தின் பின் தூணோடு நிற்கிறாள். முகூர்த்த நேரத்தில் மகளின் கண்ணில் தான் பட்டுவிடக் கூடாதென்று அவளே ஒதுங்குகிறாள்.

வைகாசியில் கைம்பெண் தெய்வத்துக்கு வளந்து வைக்கிறோம். ஆவணியில் கைம்பெண் தாயைத் தூணுக்குப் பின்னால் நிறுத்துகிறோம். இது எப்படிப் பொருந்தும்? கண்ணகி நம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தால் அவளையும் பின்னால் நிற்கச் சொல்வோமா?

வன்னியில் பல வீடுகளில் இது மாறி வருவது எனக்குத் தெரியும். தாயே குத்துவிளக்கேற்றிய கலியாணங்களுக்கு நான் போயிருக்கிறேன். மணவறையில் தாயே தனியாக நின்று தாரை வார்த்ததையும் கண்டிருக்கிறேன். ஒரு வானமும் இடிந்து விழவில்லை. இதைச் செய்தவர்கள் பெரிய சீர்திருத்தப் பேச்சுப் பேசுகிறவர்களல்லர். "நான்தானே வளர்த்தனான், நான்தானே குடுக்க வேணும்" என்ற ஒரு சொல்லோடு ஐயரிடம் போனவர்கள்.

இனிக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார். இவர்களுக்கு நம் மரபில் இடமே இல்லை. மனைவி உண்டு, கைம்பெண் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவளுக்குச் சடங்கு இல்லை. செத்தவருக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று எல்லாம் இருக்கிறது. திதி தெரியாமல் இறந்த தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பறுவம் என்று மரபு வழி சொல்கிறது. இறந்தாரா என்பதே தெரியாதவருக்கு? விரதம் பிடித்தால் அவர் போய்விட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பிடிக்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும்போதும், சொந்த மாமியே ஒரு சொல் சொல்லும்போதும் பொட்டோடு நிற்கிறாள். சட்டம் கூட அவளிடம் 2010இலிருந்து மரணச் சான்றிதழையே நீட்டியது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைச் சட்டத்தில் சேர்க்க 2016 வரை ஆனது. சட்டம் வந்து சேருமுன்பே தான் யார் என்பதை நெற்றியில் வைத்துக்கொண்டவள் அவள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி இங்கே கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அந்த உறவுகள் வந்து உட்கார்ந்தார்கள். அதே மாதத்தில் வவுனியாவில், மார்ச்சில் முல்லைத்தீவில் என்று அது பரவியது. முன்னால் இருந்தவர்கள் தாய்மாரும் மனைவிமாரும். கேப்பாப்பிலவில் சொந்தக் காணிக்காகப் படைமுகாமின் வாசலில் பிள்ளைகுட்டிகளோடு கிடந்தவர்களும் அந்த வருடத்துப் பெண்களே. அவர்கள் கையில் என்ன இருந்தது? தேங்காய், கற்பூரம், தீச்சட்டி. வாயில் ஒப்பாரி. கோயிலுக்குள் தெய்வத்திடம் முறையிடும் முறையை எடுத்து வீதிக்குக் கொண்டுவந்து அரசிடம் முறையிட்டார்கள். அந்தப் போராட்டப் பந்தல்களில் உட்கார்ந்திருந்து, பிள்ளையின் முகத்தைக் காணாமலே கண்மூடிய தாய்மார் எத்தனையோ பேர். மண்ணை அள்ளித் தூற்றுவது நம் ஊரில் கடைசி ஆயுதம். எந்த வழியும் இல்லாதவள் எடுப்பது. அதையும் எடுத்தார்கள்.

ஒப்பாரி என்றதும் அரியாத்தையைச் சொல்லாமல் போக முடியாது. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆண்கள் அடக்க முடியாத யானையை அடக்கி வந்தவள். அதைப் பொறுக்காதவர்களின் சூழ்ச்சியில் நஞ்சுண்டு மாண்டவள். வன்னியின் மிகப் பெரிய பெண் கதை இது. எந்த வடிவில் நமக்கு வந்திருக்கிறது? ஒப்பாரியாக. கல்வெட்டில் இல்லை, அரசாங்கப் பதிவில் இல்லை. அழுத வாய்கள் வழியே தலைமுறை தலைமுறையாக வந்தது. வன்னியில் வரலாறு எழுதியவர்களில் ஒப்பாரி சொன்ன பெண்ணும் ஒருத்தி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் கலாசார விழா என்றால் நாம் எதை மேடையேற்றுகிறோம்? கோவலன் கூத்து, பண்டாரவன்னியன் நாடகம், காவடி, கோலாட்டம். நல்லதுதான். நானும் விடிய விடிய இருந்து பார்த்தவள். அண்ணாவிமாருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், அதுவும் தகும். மரபில் கூத்து ஆண்களுடையது. கண்ணகி வேடத்தைக் கூட ஆண்களே கட்டினார்கள். ஒப்பாரி, தாலாட்டு, குலவை, பனையோலையில் பாயும் கடகமும் இழைப்பது, வேப்பம்பூ வடகம், எந்தக் காய்ச்சலுக்கு எந்த இலை என்ற அறிவு, மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விதைநெல்லாக எப்படி வைக்க வேண்டும் என்ற அறிவு, இவற்றுக்கு எந்த மேடையும் இல்லை. இவற்றை வைத்திருப்பவளுக்கு எந்தப் பொன்னாடையும் இல்லை. அவளைக் கேட்டால் "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை" என்பாள். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தால் ஒரு நூலகம் திறக்கும்.

வன்னிப் பண்பாடு என்று நாம் சொல்லும்போது யாரை விட்டுவிட்டுச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் வவுனியாவின் பல குடியேற்றங்களிலும் இருப்பவர்களில் மலையகத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி. 1958, 1977, 1983 என்று இனக்கலவரங்களில் அடி. அடி விழ விழ வடக்கே வந்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் காந்தியம் அமைப்பு அவர்களை வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடியிருத்தியது. அதை நடத்தியவர்களில் டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா சிறையிலிருந்து தப்பி, நீண்ட காலம் தமிழ்நாட்டில் இருந்து, 2015இல் இதே கிளிநொச்சியில் கண்மூடினார்.

மலையகத்திலிருந்து வந்த இந்தப் பெண்களின் பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டைக் கடந்தே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே வன்னி மண் இவர்களுக்குப் புதிதல்ல; மூத்தோரின் எலும்பு இங்கே இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த மாரியம்மன் கரகம், காமன் கூத்து, தெம்மாங்கு, தாலாட்டு, எல்லாம் இன்னும் அந்தக் குடியிருப்புகளில் உயிரோடு இருக்கின்றன. நம் மாவட்ட மலர்களின் பண்பாட்டுக் கட்டுரைகளில் அவற்றுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கூலிக்கு வரும்போது நம்மவர், பண்பாடு என்னும்போது வந்தவர் என்றால் அது பெரும் அநியாயம். 2009இல் பங்கருக்குள் அவர்களும் இருந்தார்கள். மெனிக் பாமில் தண்ணி வார்த்த கைகளில் அவர்கள் கைகளும் உண்டு.

முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலிருந்து 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடக்கிலிருந்து அன்று விரட்டப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அந்தப் பெண்கள் பிள்ளை வளர்த்தார்கள். முல்லைத்தீவைக் காணாத அந்தப் பிள்ளைகள் முல்லைத்தீவுப் பேச்சுப் பேசி வளர்ந்தார்கள். அது தாய்மார் வாயிலிருந்து வந்தது. திரும்பி வந்திருப்பவர்களை நாம் எப்படி வரவேற்றோம் என்பதை இந்த ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலகத்தில் நமக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. லாவோஸ் நாட்டு மலைகளில் மொங் என்ற மக்கள் இருக்கிறார்கள். வியட்நாம் போர் அந்த மலைகளுக்கும் வந்தது. 1975க்குப் பிறகு அவர்கள் மீகொங் ஆற்றை நீந்தியும் தெப்பத்திலும் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். பான் வினாய் என்ற பெரிய முகாம் 1992 வரை இருந்தது. மொங் பெண்களின் கை வேலை துணியில் பூவேலை செய்வது. அதில் சுருள், சதுரம், நட்சத்திரம் என்று கோலங்கள் மட்டுமே இருந்தன, மனிதர்களைத் தைத்ததில்லை. முகாமில் இருந்த காலத்தில் அது மாறியது. விமானம், எரியும் வீடு, ஆற்றைக் கடக்கும் சனம், ஆற்றில் போகும் பிணம் என்று அவர்கள் கண்டதையெல்லாம் துணியில் தைக்கத் தொடங்கினார்கள். ஆண்கள் சிலர் படம் கீறிக் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன உறவினர் அவற்றை விற்றுப் பணம் அனுப்பினார்கள். இன்று அந்தக் கதைத்துணிகள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பாட்டிமார் இதைப் பார்த்து எங்கள் மரபு கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தைத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து அந்தத் துணியில் தங்கள் வரலாற்றைப் படிக்கிறார்கள்.

நம் பெண்கள் அப்படி உண்டாக்கிய புதிய மரபு ஒன்று உண்டு. முள்ளிவாய்க்கால் கஞ்சி. கடைசி நாட்களில் கொஞ்ச அரிசி, நிறையத் தண்ணீர், கிடைத்தால் உப்பு. வரிசையில் நின்று வாங்கிய அந்தக் கஞ்சிதான் உயிர் பிடித்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் 12ஆம் திகதியிலிருந்து 18ஆம் திகதி வரை சந்தி சந்தியாக அதைக் காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். எந்த ஆகமத்திலும் இல்லை, எந்தப் புராணத்திலும் இல்லை. பால் விடுவதில்லை, பயறு போடுவதில்லை; ருசியாக்கிவிடக் கூடாது என்பதில் காய்ச்சுகிற பெண்கள் கண்டிப்பு. குடிக்கும் பிள்ளை முகத்தைச் சுளித்து "ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லலாம். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் கைது செய்தார்கள். ஒரு பானைக் கஞ்சியில் எவ்வளவு நினைவு கொள்ளும் என்பதைக் கைது செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். நம் பண்பாட்டுத் திணைக்களங்கள் இன்னும் அறியவில்லை.

செய்ய வேண்டியது என்ன? இளையவர்களைப் பார்த்தே இதைச் சொல்கிறேன். உங்கள் எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் நம் ஏடுகளையும் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. அச்சில் வந்தது தப்பித்துக்கொண்டது. அச்சில் வராததெல்லாம் எண்பது வயது ஆச்சிமாரிடம் இருக்கிறது. போர் முடிந்தபோது நாற்பது வயதாக இருந்தவர்களுக்கு அறுபது நெருங்குகிறது. பதிவு செய்யத் தொடங்குங்கள்.

சில காரியங்களில் கவனம் வேண்டும். செத்த வீடில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி சொல்லக் கூடாது என்று ஆச்சி மறுப்பார். வற்புறுத்தாதீர்கள். வயல் வரம்புக்கோ குளக்கட்டுக்கோ கூட்டிப் போங்கள், அங்கே சொல்வார். தன் சொந்தப் பிள்ளைக்குச் சொன்ன ஒப்பாரியைத் தர மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், அது அவருடையது. எடுத்ததை உடனே முகநூலில் போடாதீர்கள். முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளை மட்டும் எழுதிவிட்டு வராமல், எந்த ஊரில் பிறந்து எந்தெந்த ஊருக்கு இடம்பெயர்ந்தார், அந்தந்த ஊரில் பாட்டில் எதை மாற்றினார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நம் பண்பாட்டு வரலாறு அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது. பாரதிபுரத்துப் பாட்டிகளை மறக்காதீர்கள்.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் ஒன்று. வருகிற விழாவில் மங்கல விளக்கேற்ற யாரை அழைப்பது என்று கூட்டம் போடும்போது, உங்கள் ஊரில் தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு கைம்பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். அவர் வர விரும்புகிறாரா என்று போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள்.

பதிவு வேலையில் சேர விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் மேசையில் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். மாரி தொடங்கினால் உள்ளூர் ஒழுங்கைகளில் போய் வருவது கரைச்சல். அதற்கு முன் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். அங்கே காத்திருக்கும் ஆச்சிமாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.